முப்பத்தாறு படமும் எட்டாம் நம்பரும்

நாளைக்கு நடக்கப்போவதைச் சொல்லிப் பிழைக்கிறவனுக்கு இன்றைக்குச் சாப்பிட்டது செரிக்காது. போடி ஜீப் ஸ்டாண்டில் பதினோரு வருஷம் படச்சீட்டு ஜோசியம் பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்கிறேன். மருந்துக் கடையில் நின்றுகொண்டு "இதைக் குடிச்சாச் சரியாயிருமா?" என்ற கேள்விக்குத் தலையாட்டுகிறவர்கள், "இந்த பிரேக்கு மேடு வரைக்கும் தாங்குமா?" என்று கேட்கப்படுகிற மெக்கானிக்குகள், "எம் மகன் பாசாவானா?" என்று மறிக்கப்படுகிற வாத்தியார்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். நாம் ஒரு வார்த்தை சொல்வோம், கேட்டவர் நிம்மதியாகப் போய்விடுவார், நமக்கு அன்று முழுக்க வயிற்றைப் பிசையும். நானோ பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. மாடு முட்டுமோ என்று தெருவின் இந்தப் பக்கமும், நாய் கடிக்குமோ என்று அந்தப் பக்கமும் நடக்காமல் நடுத்தெருவில் நடந்து சைக்கிளில் அடிபட்டவன். அப்படிப்பட்டவன் இந்தச் சோலிக்கு வந்த கதையைக் கேளுங்கள்.

கடிகாரத்துக்கு ஆசைப்பட்டு

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு ஏலக்காய்க் கமிஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து துரை வேலையை விட்டுச் சீமைக்குக் கிளம்புகிறார், பங்களாச் சாமான்களை ஏலம் விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு ஆசைப்பட்டுப் போனேன். கடிகாரத்தை வேறு ஒருவர் கொண்டுபோய்விட்டார். என் தலையில் விழுந்தது ஒரு மரப்பெட்டிச் சாமான். அதில் கைப்பிடி போன ஒரு ஜாடி, காது குடையும் வெள்ளிக் குச்சி, ஒரு சீட்டுக்கட்டு. கட்டில் முப்பத்தாறு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு படமும் ஒரு நம்பரும் இருந்தன. குதிரைக்காரன், கப்பல், வீடு, மரம், மேகம், பாம்பு என்று வரிசையாகப் போய், எட்டாம் நம்பரில் ஒரு நீளப் பெட்டி.

அந்தப் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர் வர்க்கி, மலையாளி. அவர்தான் விஷயத்தைச் சொன்னார். துரைசாணி தினமும் தேநீருக்குப் பிறகு அந்தக் கட்டைப் பரப்பி வைத்துக் குறி பார்ப்பாராம். லெனார்மான் என்று அதற்கு ஒரு பெயரும் உண்டாம். கப்பல் வந்தால் பயணம், சாவி வந்தால் காரிய சித்தி, நரி வந்தால் ஏமாற்று, எலி வந்தால் திருட்டு என்று பாத்திரம் கழுவும்போது எட்டிப் பார்த்தே அவர் முப்பத்தாறையும் மனப்பாடம் பண்ணியிருந்தார். நான் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டேன். எட்டாம் நம்பர் வந்ததும் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பெட்டி என்றால் சவப்பெட்டியாம். வாசல் வரைக்கும் கூடவே வந்து, மற்றதெல்லாம் விளையாட்டு, இதனிடம் மட்டும் ஜாக்கிரதை என்று தன் மலையாளத்தில் இன்னொரு தடவை சொன்னார்: "பாக்கியெல்லாம் வெறும் களியாக்கும். எட்டாம் நம்பரை மட்டும் சூட்சிக்கணும் கேட்டோ, ஆளைப் பேடிப்பிச்சுக் கொல்லும்."

காணாமல் போன பதினாறு சீட்டு

விளையாட்டாகக் கடையில் நாலு பேருக்குப் பார்த்தேன். இரண்டு பேருக்குப் பலித்துவிட்டது. அதற்கப்புறம் என்னைத் தராசு பக்கம் யாரும் போக விடவில்லை. முதலாளியே "நீ வெளியில உக்காந்து அதையே பாரு" என்று அனுப்பிவிட்டார். ஜீப் ஸ்டாண்டு டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு துணியை விரித்து, கட்டைக் கவிழ்த்துப் பரப்பி உட்கார்ந்தேன். வந்தவர் இடது கையால் ஒன்றை எடுப்பார், நான் பலன் சொல்வேன், அவ்வளவுதான் தொழில்.

எமர்ஜென்சி நேரம் அது. மூணு சீட்டு ஆடுகிறவர்களை ஓட ஓட விரட்டிக்கொண்டிருந்தார்கள். துரைசாணியின் கட்டில் ஒரு வில்லங்கம் இருந்தது. ஒவ்வொரு படத்தின் தலைமாட்டிலும் ஒரு குட்டிச் சீட்டு அச்சாகியிருக்கும். குதிரைக்காரனுக்கு மேலே ஆட்டின் ஒன்பது, கப்பலுக்கு மேலே இஸ்பேட் பத்து, இப்படி. ஒரு நாள் ரோந்து வந்த ஏட்டு அதைப் பார்த்துவிட்டார். என்னையும் கட்டையும் சேர்த்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் பெஞ்சில் உட்கார வைத்தார். அவர் நிதானமாக முப்பத்தாறையும் மேஜையில் இனவாரியாக அடுக்கினார். ஆறிலிருந்து ராஜா, ஆசு வரைக்கும் எல்லாம் இருந்தன. இரண்டு, மூன்று, நாலு, ஐந்து எந்த இனத்திலும் இல்லை. அந்தக் கட்டே அப்படித்தான், சீமையிலேயே அவ்வளவுதான் என்று நான் அழாத குறையாகச் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்து என்னைப் பார்க்கச் சகிக்காமல் கட்டைக் கையில் கொடுத்து வெளியே விட்டார். நான் படியிறங்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது: "போறது போ. ஆனா ஒளிச்சு வச்சிருக்க அந்தப் பதினாறு சீட்டையும் நாளைக்குக் காலையில கொண்டாந்து என் மேஜை மேல வச்சிரணும்."

தகடு வெட்டிய தங்கவேலு

மறுநாள் புதுச் சீட்டுக்கட்டு ஒன்று வாங்கி, அதிலிருந்து பதினாறைப் பொறுக்கி எடுத்துக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். அவரும் எண்ணிப் பார்த்து வாங்கி வைத்துக்கொண்டார். ஆனால் இனிமேல் அந்தச் சீமைக் கட்டோடு ஸ்டாண்டில் உட்கார எனக்குத் தைரியமில்லை. சொந்தமாக ஒரு கட்டுச் செய்துகொள்ளலாம் என்று தங்கவேலுவிடம் போனேன். ஏலக்காய் மூட்டைகளில் கடைக் குறி அடிப்பதற்குத் தகட்டில் எழுத்து வெட்டிக் கொடுப்பவர் அவர். மார்க்கா தகடு என்போம். தகட்டைச் சாக்கின் மேல் வைத்து மசித்துணியால் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் குறி விழுந்துவிடும். என் படங்களுக்கும் அதே மாதிரி ஆளுக்கொரு தகடு வெட்டிவிடலாம், அட்டை கிழிந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

எந்தப் படத்தை வைப்பது, எதை மாற்றுவது என்று நாலு நாள் மல்லுக்கட்டினோம். கப்பலைப் போடியில் யார் பார்த்தார்கள்? அதற்குப் பதில் ஜீப். கோபுரம் இருந்த இடத்தில் காய் உலர்த்துகிற ஏல ஸ்டோரும் அதன் புகைபோக்கியும். மலை என்றால் தடங்கல் என்று வர்க்கி சொல்லியிருந்தார். மலைக்குள்ளேயே குடியிருக்கிறவர்களுக்கு மலை என்ன தடங்கல்? அங்கே போடிமெட்டுச் செக்போஸ்ட்டை வைத்தோம். நங்கூரம் என்னவென்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. ஏதோ மீன் பிடிக்கிற தூண்டில் என்று முடிவு பண்ணி, அதை எடுத்துவிட்டு ஒரு ஏலக்காய் மூட்டை வைத்தோம். நரி, பாம்பு, எலி, கரடி எல்லாம் நம்மூரிலும் உண்டு என்பதால் அப்படியே விட்டோம். எட்டாம் நம்பரில்தான் வந்து நின்றது. நம்மில் பெட்டியில் வைத்து யார் எடுக்கிறார்கள், பாடை என்றால்தானே புரியும் என்றேன். தங்கவேலு உளியைக் கீழே வைத்துவிட்டார். "பெட்டின்னா பெட்டி வெட்டித் தர்றேன் மாப்ளே. பாடைக்குத் தகடு வெட்ட மாட்டேன். நான் மார்க்கா வெட்டுன சாக்கு ஒண்ணு கூட வெலாசம் தப்பிப் போனதில்ல. இது யாரு வீட்டுக்குப் போகும்னு நீயே சொல்லு."

சிலமலைக்காரரின் சீர்

புதுக் கட்டு அமோகமாக ஓடியது. ஜீப் படத்தைப் பார்த்தால் ஜனங்களுக்கு ஒரு சந்தோஷம். பெட்டி மட்டும் வெறும் பெட்டியாகத்தான் இருந்தது. நாலு கோடு, ஒரு மூடி. அது ஒரு முகூர்த்த மாதத்தில் சிலமலையிலிருந்து மகள் கல்யாணத்துக்குப் பலன் கேட்டு வந்த ஒரு விவசாயி கையில் ஏறியது. அவரோ படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகி, "சீர்ப் பெட்டி! சம்பந்தி வீட்டுல கேட்டதே அதைத்தான்!" என்று எழுந்துவிட்டார். அதில்லை ஐயா, அது வேறு என்று சொல்ல வேண்டியது என் கடமை. சொல்லவில்லை. அவர் சந்தோஷம் என் பயத்துக்குச் சௌகரியமாக இருந்தது.

அந்தக் கல்யாணம் முடிகிற வரைக்கும் நான் பட்ட பாடு பெண்ணைப் பெற்றவர்கூடப் பட்டிருக்க மாட்டார். சிலமலை பஸ்ஸிலிருந்து யார் இறங்கினாலும் முகத்தைப் பார்ப்பேன், துக்கமா, சாதாரணமா என்று. கல்யாணம் நல்லபடியாக முடிந்து, அவரே வெற்றிலை பாக்கோடு வந்து நின்றபோதுதான் மூச்சு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க படத்துல பாத்த மாதிரியே தேக்குல ஆறடிக்குச் செய்யச் சொல்லிட்டேன். ஆசாரிதான் என்னத்தையோ நெனச்சுக்கிட்டு என்னைய ஒரு மாதிரியாப் பாத்தான்."

காலி ஜீப்

அந்தப் பெண் அந்தப் பெட்டியில் பட்டுச்சேலை மடித்து வைப்பதை நினைத்து எனக்கு ஒரு வாரம் தூக்கமில்லை. தங்கவேலுவிடம் போய்த் தகட்டில் ஒரு மாலையும் தலைமாட்டில் ஒரு விளக்கும் சேர்த்து வெட்டச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஸ்டாண்டு முழுக்கப் பெட்டி என்றால் சவப்பெட்டிதான்.

என் தம்பி செல்லையா அங்கேதான் ஜீப் ஓட்டினான். காலையில் தோட்ட வேலைக்குப் போகிறவர்களை மெட்டுக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருவான். திங்கட்கிழமை என்றால் அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் என்னிடம் ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். அப்படி ஒரு வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை, பதினாலு பேர் ஏறி, டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொள்ள வந்த கடைசி ஆள் ஓடிவந்து ஒரு படம் எடுத்தார். பெட்டி. "யாருக்கு? எனக்கா, வண்டிக்கா?" என்று அவர் கேட்டார். எனக்கு என்ன தெரியும்? நான் முழித்த முழியைப் பார்த்துவிட்டு ஜீப்பிலிருந்து ஒருவர் இறங்கினார். பின்னாலேயே மற்ற பதிமூன்று பேரும் இறங்கினார்கள். செல்லையா சாவியை விரலில் சுற்றிக்கொண்டு என் துணிக்கு முன்னால் வந்து நின்றான்: "பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் நான் பயந்ததில்லண்ணே. வளைவுல வர்றது கண்ணுக்குத் தெரியும். நீ எங்கிட்டிருந்து எப்ப ஏறி வருவேன்னுதான் தெரியல."

நிம்மதியான ஒரு வருஷம்

அன்றைக்கே எட்டாம் நம்பரைக் கட்டிலிருந்து எடுத்துவிட்டேன். எரிக்கப் பயம், கிழிக்கவும் பயம். கொட்டகுடி ஆற்றில் விட்டேன். வார்னிஷ் அடித்த அட்டையாச்சே, முழுகாமல் கரையோரமாகவே நின்றுகொண்டு என்னைப் பார்த்தது. ஒரு கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். முப்பத்தைந்து படத்தோடு ஒரு வருஷம் ஓடியது. வயிற்றுப் பிசைவு நின்றது. சோறு இறங்கியது. சதை போட்டுவிட்டேன் என்று வீட்டில் சொன்னார்கள். பெட்டி வருவதே இல்லை என்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. காலம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

பேச்சியம்மாள் வந்ததோடு அந்த நிம்மதி போயிற்று. சிலமலையிலிருந்து வந்து பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போகிறவர். செல்லையா ஜீப்பில்தான் போவார். புருஷன் கருப்பையா ஏல ஸ்டோரில் அடுப்பு பார்த்தவர், புகையில் கிடந்து கிடந்து இருமலாகி, இப்போது வீட்டில் கிடந்தார். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள், தள்ளிப்போட்டால் தாங்காது என்று போடி டாக்டர் சொல்லிவிட்டாராம். கருப்பையா மாட்டேன் என்கிறார். மதுரைக்குப் போனால் உயிரோடு திரும்ப மாட்டோம் என்று பயம். பேச்சியம்மாள் என் துணியிலிருந்து ஒன்றை எடுத்தார். சூரியன். அடுத்த திங்கட்கிழமை சாவி. அதற்கடுத்தது நட்சத்திரம். ஒவ்வொரு வாரமும் அந்த அம்மாள் முகத்தில் தெளிச்சி, எனக்குக் குலை நடுக்கம். கட்டில் இல்லாத படம் எப்படி வரும்? "படத்தை விடுங்க ஆத்தா, டாக்டர் சொல்றதைக் கேளுங்க" என்று நாலாவது வாரம் சொல்லியே விட்டேன். அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்துச் சிரித்தார்: "எங்க வீட்டுக்காரரு ஒண்ணுதான் சொல்றாக. ஜோசியர்ட்ட பெட்டி வரட்டும், அன்னைக்கே ரயிலேறுறேன்னு. நாலு வாரமாச்சு, வரலையே. ஒங்க படத்தை நீங்களே நம்பலேன்னா எப்புடி?"

கடைசி ஒன்று

உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சுற்றிலும் ஜீப் ஸ்டாண்டே நின்றது. ஒரு வருஷமாகப் பெட்டியில்லாத கட்டை வைத்து ஊரையே நிம்மதியாக வைத்திருந்தேன் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று நினைத்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது. கோழைத்தனம்தான், வேறு பெயர் கிடையாது. சரி, பெட்டியைத் திரும்பக் கட்டில் சேர்த்துவிடலாம் என்றால், முப்பத்தாறில் ஒன்று அந்த அம்மாள் கைக்கு எப்போது வரும்? அது வருவதற்குள் நிஜப் பெட்டி வந்துவிடும். கைமாற்றி வைக்கிற வித்தையும் எனக்குத் தெரியாது. டீ கிளாஸைப் பிடித்தாலே கை ஆடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கவேலு கடைக்குப் போய், முப்பத்தாறு அட்டையிலும் எட்டாம் நம்பரையே அடித்துக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆணியில் மாட்டியிருந்த தகட்டை எடுக்கவே இல்லை. கருப்பையாவின் கதையைச் சொன்னேன். நான் பெட்டியை ஆற்றில் விட்டதையும் சொன்னேன். எவரிடமும் சொல்லாததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். நீங்கள் போன வருஷம் வெட்டிய மாலையும் விளக்கும் இப்போதுதான் ஒரு உயிருக்கு உதவப் போகிறது என்று கெஞ்சினேன். மசியைக் கலக்கினார். பிறகு அட்டைகளைத் தரையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாகத் தகட்டை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனார். அந்தச் சிமெண்ட் தரை முழுக்க மாலை போட்ட பெட்டிகள். முப்பத்தைந்து முடிந்ததும் மசித்துணியை என் கையில் திணித்தார்: "இது பாவமா புண்ணியமான்னு எனக்குத் தெரியல மாப்ளே. ரெண்டுல எதுவா இருந்தாலும் ஒனக்கும் பங்கு வேணும். கடைசி ஒண்ணை நீ அடி."

இருப்பதிலேயே நல்லது

திங்கட்கிழமை காலையில் அந்தக் கட்டைப் பரப்பியபோதுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. பேச்சியம்மாளுக்கு முன்னால் வேறு யாராவது வந்து எடுத்துவிட்டால்? அவருக்குப் பின்னால் இன்னொருவர் எடுத்தால்? இதை ஞாயிற்றுக்கிழமை யோசிக்கவில்லை. முதலில் வந்தவர்களுக்கெல்லாம் "இன்னும் பூஜை போடலை, இருங்க" என்று சொல்லி, கட்டின் மேல் கையை விரித்துக் காவல் இருந்தேன். வரிசை நீண்டுகொண்டே போனது. அதில் நாலாவது ஆளாக நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நின்றாள்.

பேச்சியம்மாள் வந்தார். எடுத்தார். பார்த்தார். அழவில்லை, கத்தவில்லை. உதடு மட்டும் ஒரு தரம் அசைந்தது. எடுத்ததைத் துணி மேலேயே திருப்பி வைத்தார். நான் "ஆத்தா, இன்னைக்கே..." என்று என்னமோ சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல், மற்றவர்கள் கை நீட்டுவதற்குள் கட்டை வாரிச் சுருட்டினேன். வாரிய அவசரத்தில் பாதி சிதறியது. குப்புற விழுந்து பொறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஜீப்பில் ஏறாமல் சிலமலை பஸ் நிற்கிற பக்கம் ஓடிக்கொண்டிருந்தார். "வயித்தைக் கலக்குது, இன்னைக்கு அவ்வளவுதான்" என்று வரிசையைப் பார்த்துக் கும்பிட்டேன். அது பொய்யும் இல்லை. வரிசையில் முதலில் நின்ற பெரியவருக்குத்தான் கோபம் வந்துவிட்டது: "அந்தப் பொம்பளைக்கு மட்டும் எடுத்துக் குடுத்துட்டு எங்களுக்குக் கெடையாதா? பலன் கூடச் சொல்ல வேணாமய்யா, இருக்கறதுலயே நல்லதா ஒண்ணைப் பாத்து வெரசாக் குடுத்துட்டுப் போ."

முந்தியில் முடிந்து வைத்தது

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினேன். முப்பத்தைந்து. மறுபடி எண்ணினேன். முப்பத்தைந்துதான். ஒரு பெட்டி ஸ்டாண்டில் எங்கேயோ கிடக்கிறது. யார் கையில் ஏறியதோ? அந்தக் கர்ப்பிணி எடுத்திருந்தால்? ஓடிப்போய் டீக்கடைப் பெஞ்சுக்கு அடியிலும் ஜீப் டயருக்கு நடுவிலும் தேடினேன். இல்லை. பேச்சியம்மாளும் கருப்பையாவும் அன்றைக்கே மதுரைக்கு ரயிலேறினார்கள் என்று தம்பி சொன்னான். அதற்கப்புறம் ஒரு தகவலும் இல்லை. ஒரு மாதம் ஆயிற்று. நான் பயமுறுத்தியதிலேயே அந்த மனுஷன் நெஞ்சு நின்றுபோயிருந்தால்? வழியிலேயே ஏதாவது ஆகியிருந்தால்? போட்ட சதையெல்லாம் இறங்கிவிட்டது. கர்ப்பிணிக்குச் சுகப்பிரசவம் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும் ஒரு வாய் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், இரண்டு பேரும் டீக்கடைப் பக்கமிருந்து வந்தார்கள். கருப்பையா பாதியாக இளைத்திருந்தார், ஆனால் தன் காலில் நடந்து வந்தார். நெஞ்சிலிருந்து நீரை எடுத்துவிட்டார்களாம், இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் கஷ்டம் என்றார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கத் துணியை உதறி உதறி விரித்தேன். பேச்சியம்மாள் முந்தியில் முடிந்து வைத்திருந்த எதையோ அவிழ்த்து, அந்தத் துணி மேல் வைத்தார். மாலையும் விளக்குமாக, மசி கொஞ்சம் ஒழுகிய ஒரு பெட்டி. ஒழுகல் இருந்ததால் எனக்குத் தெரிந்துவிட்டது, அது நான் அடித்த கடைசி அட்டை.

"நீங்க வாருனப்ப இது என் காலுக்குள்ள வந்து விழுந்துச்சு. புரட்டிப் பாத்தேன், இதுவும் பெட்டி" என்றார் பேச்சியம்மாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "ஒரு பெட்டியோட நின்னுருந்தா, சரி, நம்ம தலையில எழுதுனது அம்புட்டுத்தான்னு வீட்டுக்குப் போயி அழுதுக்கிட்டுக் கெடந்திருப்பேன். ரெண்டாவதும் பெட்டின்னதும்தான், இது சாமி சொல்றதில்ல, நீங்க சொல்றதுன்னு புரிஞ்சுச்சு. நீங்களே எம்புட்டுப் பயந்த ஆளு, இதைச் செய்யத் துணிஞ்சிருக்கீகன்னா டாக்டர் சொன்னது நெசந்தான்னு அவுகளை இழுத்துக்கிட்டு ரயிலேறிட்டேன்."

பதினோரு வருஷத்தில் மூன்று கட்டு மாற்றினேன். என்ன படம் வரும் என்று முன்கூட்டியே எனக்குத் தெரிந்திருந்தது அந்த மூன்றாவது கட்டில் மட்டும்தான், அதையும் எடுக்க வந்தவர் கண்டுபிடித்துவிட்டார்.